ப்ராக்டிஸ்ல ஒரு தடவை கூட ஜாம் ஆகாத பிஸ்டல் மேட்ச்ல மட்டும் மக்கர் பண்ணுது, என்ன மாத்தணும்?

கடைசி_ரவுண்டு:
வணக்கம் மக்களே. ஓடிக்கிட்டே டார்கெட் சுடுற ஐபிஎஸ்சி போட்டியில, ப்ரொடக்‌ஷன் டிவிஷன்ல, அதாவது பெருசா எதையும் மாத்தாத பிஸ்டல் பிரிவுல, ஒன்றரை வருஷமா சுடுறேன், 9 எம்எம், பாலிமர் ஃப்ரேம், ஸ்ட்ரைக்கர் வகை, ட்ரிகர்ல இருந்து ஸ்பிரிங் வரைக்கும் எல்லாம் வாங்கினப்ப இருந்த மாதிரியேதான் இருக்கு. ப்ராக்டிஸ்ல வாரத்துக்கு 200 ரவுண்டு போடுறேன், ஒரு ஜாம் கிடையாது. மேட்ச்னு போனா மட்டும் இதுக்கு என்னமோ ஆயிடுது. போன மூணு மேட்ச்ல ரெண்டு தடவை ரவுண்டு மூக்கு கீழ குத்தி ஃபீட் ராம்ப்ல (ரவுண்டு பேரலுக்குள்ள ஏறுற சரிவு) முட்டி நின்னுச்சு, ஒரு தடவை கடைசி ரவுண்டு போனதுக்கப்புறம் ஸ்லைடு பின்னாடி நிக்காம மூடிக்கிச்சு, நான் காலி துப்பாக்கிய அழுத்தி "டிக்"னு சத்தம் கேட்டு பேந்தப் பேந்த முழிச்சேன். இன்னொரு தடவை ஸ்லைடு முழுசா மூடல, ஒரு ரெண்டு மில்லி மிச்சம் வெச்சு நின்னுச்சு.

12 ஷாட் ஸ்டேஜ், எல்லாமே ஏ (டார்கெட்டோட நடுப்பகுதி, ஷாட்டுக்கு 5 புள்ளி), 60 புள்ளி, 10 செகண்ட்ல முடிச்சிருந்தா ஹிட் ஃபேக்டர் (புள்ளி ÷ செகண்ட்) 6. ஜாம் எடுக்க 3 செகண்ட் போனதுல 4.6-க்கு வந்துடுச்சு. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைஞ்ச கதைதான். புது ரீகாயில் ஸ்பிரிங் (ஸ்லைடை முன்னாடி தள்ளி மூடுறது), எக்ஸ்ட்ராக்டர் (காலி கேஸை இழுக்குற கொக்கி), அப்படியே ஃபீட் ராம்ப்பையும் பாலிஷ் போட்டுடலாம்னு இருக்கேன். மேகசின் 5 வெச்சிருக்கேன், அது போதுமான்னும் சொல்லுங்க.

ஸ்பிரிங்_டாக்டர்:
ப்ரோ யோசிக்கவே வேணாம், ரீகாயில் ஸ்பிரிங்கை ஒரு படி லைட்டா மாத்துங்க, ஸ்லைடு நல்லா பின்னாடி போகும், மூக்கு குத்துறது நின்னுடும். எனக்கு அப்படித்தான் சரியாச்சு.

எண்ணெய்க்கை:
தம்பி எதையும் வாங்காதீங்க, முதல்ல பதில் சொல்லுங்க. மேகசின்ல நம்பர் எழுதி வெச்சிருக்கீங்களா? ஜாம் ஆனப்ப உள்ள எத்தனை ரவுண்டு மிச்சம் இருந்துச்சு? ப்ராக்டிஸ்ல மேகசின் எங்க விழுது, மேட்ச்ல எங்க விழுது? ரெண்டுக்கும் ஒரே ரவுண்டா? அப்புறம் கட்டைவிரல் ஸ்லைடு ஸ்டாப் மேல படுதா, கடைசி ரவுண்டுக்கு ஸ்லைடு நிக்காததுக்கு பாதிப் பேருக்கு காரணம் அவங்க விரல்தான்.

கடைசி_ரவுண்டு:
நன்றிண்ணே. நம்பர் எழுதல, எல்லாம் ஒரே மாதிரி கறுப்பு மேகசின். ஜாம் ஆனதெல்லாம் கடைசி மூணு நாலு ரவுண்டுக்குள்ளதான், நீங்க கேட்டதும்தான் வீடியோவ ஓட்டிப் பாத்தேன். ப்ராக்டிஸ் உள்ளரங்கத்துல, தரையில ரப்பர் மேட். மேட்ச் வெட்டவெளியில, மணலும் பொடிக்கல்லும். மேட்ச் ரவுண்டு நானே லோடு பண்றது, புல்லட் எடை 124 கிரெய்ன், ப்ராக்டிஸுக்கு ஃபேக்டரி ரவுண்டு. போன மாசம் புல்லட் மட்டும் வேற டைப் மாத்தினேன், அதே எடைதான். கட்டைவிரல் படல, வீடியோல தெளிவா தெரியுது.

மேகசின் பராமரிப்புல குறை சொல்ல முடியாதுண்ணே, ஒவ்வொரு மேட்ச்சுக்கு முந்தின ராத்திரியும் உள்ள நல்லா எண்ணெய் ஸ்ப்ரே அடிச்சுத்தான் வைக்கிறேன்.

எண்ணெய்க்கை:
குறையே அங்கதான் தம்பி இருக்கு 😀

மேகசின் உள்ள எண்ணெய் போடவே கூடாது. நீங்க ஓடிக்கிட்டே ரீலோடு பண்றீங்க, மேகசின் மணல்ல விழுது, எடுத்து பேன்ட்ல ஒரு தேய் தேய்ச்சு அடுத்த ஸ்டேஜுக்கு பவுச்ல சொருகிடுறீங்க. வெளிய சுத்தம், உள்ள போன மணல் எண்ணெய்ல ஒட்டி களிம்பு ஆயிடுது. ஃபாலோயர் (ரவுண்டைத் தாங்கி மேல தள்ளுற தட்டு) அந்தக் களிம்புல உரசிக்கிட்டே மேல ஏறணும். மேகசின் நிறைய இருக்கும்போது ஸ்பிரிங் நல்லா அமுங்கி இருக்கும், பலத்துல தள்ளிடும். கடைசி மூணு நாலு ரவுண்டு வரும்போது ஸ்பிரிங் நீண்டு போய் தள்ளுற வேகம் குறைஞ்சிடும். ஸ்லைடு திரும்பி வர்றதுக்குள்ள ரவுண்டு முழுசா மேல வந்திருக்காது, மூக்கு தொங்கி ராம்ப்ல குத்தும். கடைசி ரவுண்டுக்கு ஸ்லைடு நிக்காததும் இதே நோய்தான், ஸ்லைடு ஸ்டாப்பை மேல தள்ளுறதே ஃபாலோயர்தானே, அது நேரத்துக்கு வந்து சேரல. ரப்பர் மேட்ல மணல் ஏது, அதான் ப்ராக்டிஸ்ல ஒண்ணும் தெரியல.

இன்னிக்கு ராத்திரியே அஞ்சையும் பிரிங்க. அடித்தட்டைக் கழட்டும்போது கட்டைவிரலை மேல வெச்சு அமுக்கிக்கோங்க, இல்லன்னா ஸ்பிரிங் கூரைக்குப் போயிடும். ட்யூப் உள்ள சோப்புத் தண்ணி போட்டு பிரஷ் விட்டு கழுவி நல்லா காய வைங்க, ஒரு பொட்டு எண்ணெய் கூட வேணாம். வாய்ப்பக்கம் ரெண்டு உதடும் விரிஞ்சிருக்கா, அடித்தட்டுல கீறல் இருக்கான்னு வெளிச்சத்துல பாருங்க. பெயின்ட் பேனால 1-ல இருந்து 5 வரைக்கும் நம்பர் போடுங்க, ஒரு நோட்டுல எந்த நம்பர் எப்ப ஜாம் ஆச்சுன்னு எழுதுங்க. எண்ணெய் போட ஆசையா இருந்தா ஸ்லைடு ரெயில்ல ஆளுக்கு ஒரு சொட்டு, பேரல் வெளிய ஸ்லைடோட உரசி பளபளன்னு இருக்கிற இடத்துல ஒரு சொட்டு, அவ்ளோதான். ஸ்ட்ரைக்கர் ஓடுற துளைக்குள்ள மட்டும் எண்ணெய் விட்டுடாதீங்க, அழுக்கு சேர்ந்து ப்ரைமரை மெதுவா தட்ட ஆரம்பிச்சிடும், அப்புறம் அதுக்கு தனியா வந்து ஒரு கேள்வி போடுவீங்க.

சேம்பர்_செக்:
அண்ணன் சொன்னது மூக்கு குத்துறதுக்கும் ஸ்லைடு நிக்காததுக்கும் சரி. ஸ்லைடு ரெண்டு மில்லி மிச்சம் வெச்சு நின்னது வேற நோய்னு எனக்குப் படுது. புல்லட் மாத்தினேன்னு போற போக்குல சொன்னீங்களே, அங்க பாருங்க. எடை ஒண்ணா இருந்தாலும் மூக்கு வடிவம் வேற, சில புல்லட் தோள்பட்டை பருமனா இருக்கும், பழைய நீளத்துலயே லோடு பண்ணா பேரல் உள்ள ரைஃப்லிங்ல (சுருள் வரிப்பள்ளம்) போய் முட்டும். கோட்டிங் போட்ட புல்லட்ல இது ரொம்ப சகஜம்.

பேரலை தனியா கழட்டி எடுத்து சேம்பர் (ரவுண்டு உக்காருற பின்பக்கத் துளை) மேல பாக்குற மாதிரி பிடிச்சு ரவுண்டை விடுங்க. "டங்க்"னு விழணும், விரலால சுத்தினா தடையில்லாம சுத்தணும், கவிழ்த்தா தானா கீழ விழணும். உள்ள போய் சுத்தலன்னா புல்லட் ரைஃப்லிங்கை தொடுது. உள்ளயே போகலன்னா கேஸ் அடிப்பக்கம் வீங்கியிருக்கு, இல்லாட்டி புல்லட் வைக்க கேஸ் வாயை விரிச்சது சரியா மூடல. நீளத்தை குறைக்கணும்னா கண்ணை மூடிக்கிட்டு குறைக்காதீங்க, புல்லட் உள்ள போகப் போக பிரஷர் ஏறும், லோடு மேனுவலைப் பாத்து பவுடரை கீழ இருந்து ஆரம்பிச்சு மறுபடி க்ரோனோல (புல்லட் வேகம் அளக்குற கருவி) பாருங்க.

ஸ்பிரிங்_டாக்டர்:
அப்போ ரீகாயில் ஸ்பிரிங்ல ஒண்ணுமே இல்லங்கறீங்களா? நான் மாத்தினதும் சரியாச்சே.

எண்ணெய்க்கை:
உங்களோடது பழைய ஸ்பிரிங்கா இருந்திருக்கும், புதுசு போட்டதும் சரியாயிருக்கும், லைட்டா போட்டதால இல்ல. நானும் 4000 ரவுண்டுக்கு ஒரு தடவை மாத்துறவன்தான். ஆனா இவருக்கு ஸ்லைடு வேகம் குறையலயே, மேகசின்தான் பின்தங்குது. லைட் ஸ்பிரிங் போட்டா ஸ்லைடு பின்னாடி இன்னும் வேகமா போகும், களிம்புல சிக்கின ஃபாலோயருக்கு அதால ஒரு உதவியும் இல்ல. மூடாம நின்ன பிரச்சினைக்கும் அது ஆகாது, மூடுற பலமே ரீகாயில் ஸ்பிரிங்தானே.

கடைசி_ரவுண்டு:
க்ரோனோ பத்தி ஒரு சந்தேகம். போன தடவை சராசரி செகண்டுக்கு 1040 அடி வந்துச்சு, பவர் ஃபேக்டர் 124 × 1040 ÷ 1000 = 128.96. மைனர் பவருக்கு குறைஞ்சது 125 தானே, நீளம் குறைச்சு பவுடர் குறைச்சா கீழ போயிடுமோன்னு பயமா இருக்கு.

சேம்பர்_செக்:
அதே 124 கிரெய்னுக்கு 1010 வந்தா 125.2, கணக்குப்படி பாஸ், ஆனா மேட்ச் அன்னிக்கு அவங்க க்ரோனோல கொஞ்சம் கம்மியா காட்டினா அவ்ளோதான். 125-க்கு கீழ போனா ஸ்கோரே கிடையாது, சும்மா சுட்டுட்டு போக வேண்டியதுதான். 128, 130 பக்கம் வெச்சுக்கோங்க, நிம்மதியா தூங்கலாம்.

டாட்_தொலைஞ்சவன்:
இடையில புகுந்துக்கறேன் மன்னிக்கணும். எனக்கு ப்ரொடக்‌ஷன் ஆப்டிக்ஸ், ரெட் டாட் ஒவ்வொரு மேட்ச்சுலயும் கொஞ்சம் இடப்பக்கம் போயிடுது. சைட்டையே மாத்தணுமா?

எண்ணெய்க்கை:
ஸ்க்ரூ லூஸா பாருங்க முதல்ல. கழட்டி, ஸ்க்ரூ மரையையும் ஓட்டையையும் எண்ணெய்ப் பசை போக துடைச்சு, நீல நிற த்ரெட் லாக்கர் ஒரு துளி, டார்க் ரெஞ்ச்ல மேனுவல் சொன்ன அளவுக்கு முறுக்கி, ஸ்க்ரூ தலையிலயும் பக்கத்துலயும் சேர்த்து பெயின்ட் பேனால ஒரு கோடு போடுங்க. கோடு விலகினா ஸ்க்ரூ நகர்ந்திருக்குன்னு அர்த்தம். பெரிய மேட்ச்சுக்கு முன்னாடி பேட்டரி புதுசு, பையில இன்னொன்னு.

அல்ஃபா_சார்லி:
நான் ரேஞ்ச் ஆபீசரா நிக்கிறவ, அதனால துப்பாக்கியோட நோய விட ஜாம் ஆனதும் ஆளு என்ன பண்றாருங்கறதுதான் என் கண்ணுல படும். தம்பி, வீடியோவ இன்னொரு தடவை ஓட்டி உங்க விரலைப் பாருங்க. ஜாம் எடுக்கும்போது ட்ரிகர் கார்டுக்கு வெளிய இருக்கணும், முனை பேக்ஸ்டாப் (குண்டைத் தாங்குற மண்மேடு) பக்கமே இருக்கணும். வலதுகைக்காரங்க நிறைய பேர் ஸ்லைடை இழுக்கற அவசரத்துல துப்பாக்கிய உடம்புப் பக்கம் இழுத்து இடதுபக்கமா திருப்பிடுவாங்க, 90 டிகிரி தாண்டிச்சுன்னா டிகியூ, மேட்ச்சுல இருந்தே வெளியேத்திடுவாங்க, மூணு செகண்ட் போச்சேன்னு அழுதவங்க அன்னிக்கு முழு மேட்ச்சும் போச்சேன்னு அழணும். ஸ்டேஜ் முடிஞ்சு பிரிச்சுப் பாக்கணும்னா சேஃப்டி ஏரியா போங்க, அங்க துப்பாக்கிய எடுக்கலாம், ரவுண்டை கையால தொடக்கூடாது, டம்மி ரவுண்டு கூட ஆகாது. உங்க மேகசின் லோடா இருந்தா அதை அங்க கொண்டுபோய் நோண்டாதீங்க.

மேகசின் 5 போதுமான்னு கேட்டீங்க. லாங் கோர்ஸ் (பெரிய ஸ்டேஜ்) அதிகபட்சம் 32 ரவுண்டு, உங்களுக்கு மேகசினுக்கு 15, கணக்குப்படி மூணே போதும், ஆனா ஒண்ணு கீழ விழும், ஒண்ணு மக்கர் பண்ணும். துப்பாக்கியில ஒண்ணு, பெல்ட்ல நாலு, சரியா இருக்கு. அந்த அஞ்சையும் மேட்ச்சுக்கு மட்டும் வெச்சுட்டு ப்ராக்டிஸுக்கு கீறல் விழுந்த ரெண்டு மேகசின் தனியா வெச்சுக்கோங்க. ஹோல்ஸ்டர் ஸ்க்ரூவையும் பாத்துடுங்க, டிராவுல ஹோல்ஸ்டர் துப்பாக்கியோட சேர்ந்து ஒரு விரக்கடை மேல எழும்பிச்சுன்னா பெல்ட் தொளதொளன்னு இருக்குன்னு அர்த்தம். உள்பெல்ட் வெளிபெல்ட் வெல்க்ரோவுல முடியும் மணலும் அடைஞ்சா பிடிப்பு போயிடும், பழைய டூத் பிரஷ் போதும்.

இன்னொண்ணு, சுத்தம் பண்ணி முடிச்சதும் குளிர்ந்த தண்ணியில சோப்பு போட்டு கை கழுவாம சாப்பிட உக்காராதீங்க, ஈயம் கையில இருக்கும்.

கடைசி_ரவுண்டு:
எல்லாருக்கும் நன்றி, மூணு வாரம் கழிச்சு வர்றேன்.

பழைய பேப்பர் விரிச்சு அஞ்சையும் பிரிச்சேன். முதல் மேகசின்ல ஃபாலோயரை விரலால அமுக்கி விட்டேன், மெதுவா, லிஃப்ட் மாதிரி மேல வந்துச்சு, பாதியில ஒரு நொடி யோசிச்சுது. ஸ்பிரிங்கை வெளிய எடுத்தா ஒவ்வொரு சுருள்லயும் கறுப்பா களிம்பு, விரல்ல தேய்ச்சா நறநறன்னு மணல். அஞ்சுலயும் சேர்த்து ஒரு டீஸ்பூன் இருக்கும். நாலாம் நம்பர் அடித்தட்டு மூலையில மயிரிழை மாதிரி கீறல், அதை மாத்திட்டேன். கழுவி காய வெச்சதுக்கப்புறம் ஃபாலோயரை அமுக்கி விட்டா "டக்"னு வந்து மோதுது, வெக்கமா போச்சு.

சேம்பர் செக் அண்ணன் சொன்ன டெஸ்ட்டும் பண்ணேன். 100 ரவுண்டுல 9 உள்ள போய் சுத்தல. நீளம் குறைச்சு பவுடர் கீழ இருந்து ஏத்தி 129-ல வந்து நிறுத்திட்டேன், இப்ப ஒவ்வொரு மேட்ச் ரவுண்டையும் பேரல்ல போட்டுப் பாத்துத்தான் டப்பாவுல அடுக்குறேன். ரீகாயில் ஸ்பிரிங் பழசுதான், எக்ஸ்ட்ராக்டரைத் தொடல, கொக்கிக்கு அடியில இருந்த கரியை மட்டும் குச்சியால எடுத்தேன்.

அக்கா, வீடியோவ மறுபடி பாத்தேன். விரல் வெளியதான் இருக்கு, ஆனா முனை நான் நெனச்சதை விட ரொம்ப இடப்பக்கம் போயிருக்கு. அன்னிக்கு தப்பிச்சேன். இப்ப காலி துப்பாக்கியோட செவத்துல ஒரு புள்ளி வெச்சு அதைப் பாத்தே ஸ்லைடு இழுத்துப் பழகுறேன்.

நேத்து மேட்ச், ஆறு ஸ்டேஜ், ஒரு ஜாம் கூட இல்ல. ஆனா மூணாவது ஸ்டேஜ்ல பேரலுக்குப் பின்னாடி இருந்த ஒரு டார்கெட்டை மறந்துட்டு நேரா ஓடிட்டேன், ரெண்டு மிஸ், டார்கெட்டை சுடாததுக்கு ஒரு ப்ரொசீஜரல், அபராதமா மட்டும் மொத்தம் 30 புள்ளி போச்சு. பேரல்னா தகர பேரல்ங்க, துப்பாக்கி பேரல் இல்ல. இதுக்கு எந்த ஸ்பிரிங் மாத்தணும்னு ஸ்பிரிங் டாக்டர் சொன்னா நல்லாருக்கும்.