கலிபோர்னியா வீட்டு இன்சூரன்ஸ்: அடிக்கடி 6.9% மட்டும் ஏன்?

கேள்வி: கம்பெனிகள் கேட்கும் கட்டண உயர்வு பல தடவை 6.9 சதவீதத்திலேயே நிற்கிறதே, காரணம் என்ன?

பதில் 1: 1988இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய முன்மொழிவு 103 என்ற சட்டம்தான் காரணம். உயர்வு 7 சதவீதத்தைத் தாண்டி, அறிவிப்பு வந்த 45 நாளுக்குள் யாராவது பொது விசாரணை கேட்டால் மாநில இன்சூரன்ஸ் ஆணையர் அதை நடத்தியே ஆகணும். மாதக்கணக்கில் இழுக்கும். 6.9 என்றால் அந்தக் கட்டாயம் இல்லை.

பதில் 2: கம்பெனி கேட்கும் உயர்வில் கத்தரி விழுவது செலவுக் கணக்கில்தான். லாபியிங் (அரசைத் தன் பக்கம் இழுக்கச் செய்யும் செலவு), அரசியல் நன்கொடை, அபராதம் எதையும் பிரீமியத்தில் ஏற்ற முடியாது. ஒரு வருஷக் காட்டுத்தீயை மட்டும் காட்டியும் ஏற்ற முடியாது; குறைந்தது 20 ஆண்டு சராசரி வேணும்.

பதில் 3: அந்த 20 ஆண்டு சராசரி மட்டும்தான் வழி என்பது பழைய கதை. 2024 டிசம்பர் விதிப்படி, வரப்போகும் காட்டுத்தீ இழப்பைக் கணிக்கும் கணினி மாடலையும் காட்டலாம். பதிலுக்கு தீ அபாயப் பகுதிகளில் கூடுதல் பாலிசி தர ஒப்புக்கொள்ளணும். இன்னொன்று, கட்டணம் இழப்பைத் தாங்காத அளவு குறைவாக இருந்தாலும் நிராகரிப்புதான்.