சண்டை மட்டும் உள்ள டி.எல்.சி: சுருள்வாளைச் சேர்க்கலாமா, எதிரியை மாத்தலாமா?

முத்தியால்பேட்டை_மூணாவது_அடி

பாண்டில நாலு பேர் டீம். சிலம்பத்தை வச்சு ஆக்‌ஷன் கேம், ரெண்டு பாகம் வந்தாச்சு. அடுத்தது டி.எல்.சி. (வந்த கேமோட சேர்த்து விளையாடற கூடுதல் பகுதி), கதை இல்லாம சண்டை மட்டும். 5 புது எதிரி, 3 களம், அதுக்கு மேல செய்ய ஆள் இல்லை. விளையாடறவங்க சொல்ற குறை ஒண்ணுதான்: லைட், லைட், ஹெவி (ரெண்டு லேசான அடி, ஒரு பலமான அடி). இந்த ஒரே காம்போவுல ரெண்டு பாகமும் முடிஞ்சிடுது. எதிரியோட ஹெல்த்தை 40% ஏத்தி, சுருள்வாளை (சாட்டை மாதிரி வளையற வாள்) புது ஆயுதமா குடுத்தா சரியாகுமா?

கெடிலக்கரை

ஹெல்த்துல கை வைக்காதீங்க. 1000 ஹெல்த் உள்ளவனுக்கு 120 டேமேஜ் காம்போ 9 தடவை போடணும். 1400 ஆக்கினா 12 தடவை. அலுப்பை விலைக்கு வித்த மாதிரி ஆயிடும்.

2021ல கோஸ்ட் ஆஃப் சுஷிமா கேமுக்கு வந்த இக்கி தீவைப் பாருங்க. ஹீரோ ஜின்கிட்ட இருக்கிறது பழைய நாலு ஸ்டான்ஸ்தான் (வாளைப் பிடிச்சு நிக்கிற முறை). ஆனா அங்க எதிரி சண்டைக்கு நடுவுலயே ஆயுதத்தை மாத்தறான், நீங்களும் உடனே ஸ்டான்ஸை மாத்தணும். பின்னால ஒரு ஷாமன் நின்னு ஓதி மத்தவங்களுக்கு வெறி ஏத்தறான். முதல்ல யாரை அடிக்கணும்ங்கற யோசனை அப்பதான் வருது.

உங்க ஆட்டத்துக்கு ஒண்ணு சொல்றேன். மான்கொம்பு ஆயுதம் பிடிச்ச எதிரி. கம்போட ரெண்டாவது லைட் அடியைக் கொம்புல மாட்டி, உள்ள நுழைஞ்சு நெஞ்சோட நெஞ்சா நிப்பான். அந்த நெருக்கத்துல கம்போட நீளம் உதவாது. ஒரு அடி பின்வாங்கணும், இல்லைன்னா காலை வாரணும். ரெண்டுமே உங்க முதல் பாகத்துல இருக்கிற அசைவுகளாத்தான் இருக்கும், யாருக்கும் தேவைப்பட்டிருக்காது. அஞ்சு பேரையும் தாள்ல எழுதி, "லைட்-லைட்-ஹெவி மட்டும் போட்டா என்ன ஆகும்?"னு பக்கத்துல குறிங்க. "கொஞ்ச நேரம் பிடிக்கும், செத்துடுவான்"னு பதில் வந்தா அவனை அடிச்சிடுங்க (தாள்லதான்).

சில்வர்பீச்_60

எதிரியைக் கடுமையாக்கறதுக்கு முன்னாடி நேரக் கணக்கு. செகண்டுக்கு 60 ஃப்ரேம்ல (60 படம்) ஓடினா ஒரு ஃப்ரேம் 16.7 மில்லி செகண்ட். கண்ணால பார்த்துக் கை அசைய ஏறக்குறைய 250 மில்லி செகண்ட், அதாவது 15 ஃப்ரேம். கேம் மோட் (தாமதத்தைக் குறைக்கிற செட்டிங்) போடாத டி.வி. இன்னொரு 6 ஃப்ரேம் தின்னும். அதனால எதிரியோட பெரிய அடிக்கு ஓங்கற நேரம் 24 ஃப்ரேமுக்குக் குறையக் கூடாது.

ஹிட்ஸ்டாப் (அடி பட்டதும் அசைவு ஒரு கணம் உறையறது) லைட்டுக்கு 3, ஹெவிக்கு 8 ஃப்ரேம்ல தொடங்கிப் பாருங்க. அடிச்சவன், அடி வாங்கினவன் ரெண்டு பேரை மட்டும் உறைய வைங்க. மொத்தக் களத்தையும் நிறுத்தினா பக்கத்துல ஓங்கிட்டு இருக்கிறவனோட தாளம் கெட்டு, விளையாடறவர் பேரியை (அடி வர்ற நொடியில தட்டி விடறது) தப்பா போடுவார். அந்த உறைவுல அழுத்தின பட்டனை 8 ஃப்ரேமாவது நினைவுல வைங்க. இல்லைன்னா "டாட்ஜ் (விலகற பட்டன்) அழுத்தினேன், வேலை செய்யலை"ன்னுதான் புகார் வரும்.

ஆறு பேர் சுத்தி நின்னாலும் அடிக்கிற டோக்கன் (இப்ப நீ அடிக்கலாம்னு எதிரிக்குக் குடுக்கற அனுமதி) ரெண்டு போதும். இங்க ஒரு பக் கண்டிப்பா வரும்: டோக்கன் கையில இருக்கும்போதே எதிரி செத்துட்டா அது திரும்பி வராது. ரெண்டும் அப்படிப் போச்சுன்னா, மீதி நாலு பேரும் கோயிலைச் சுத்தற மாதிரி சுத்திட்டே இருப்பாங்க. சாவு, தடுமாற்றம், கீழே விழறது, மூணுலயும் டோக்கனைப் பிடுங்கற வரியை எழுதுங்க. திரைக்கு வெளியே நிக்கிறவனுக்கு டோக்கன் தராதீங்க.

மஞ்சக்குப்பம்_மல்லன்

கெடிலக்கரை சொல்றது பாதி சரி. அளவு மீறினா பூட்டு-சாவி ஆயிடும், ஒரு எதிரிக்கு ஒரே வழிதான்னு. டூம் எடர்னல் கேமோட ரெண்டாவது டி.எல்.சி.ல (2021) கல் இம்ப்னு ஒருத்தன். ஃபுல் ஆட்டோ ஷாட்கன்ல கரைஞ்சிடுவான், மத்த துப்பாக்கிக்குப் பெரும்பாலும் அசைய மாட்டான். விளையாடறவன் யோசிக்கறதில்லை, நிறத்தைப் பார்த்து துப்பாக்கியை மாத்தறான். மான்கொம்புக்காரனுக்கும் குறைஞ்சது ரெண்டு வழியாவது விடுங்க: காலை வாரினா முழு டேமேஜ், பேரி போட்டா தடுமாற்றம், பழைய காம்போவுக்கு 35% டேமேஜ்.

சுருள்வாள் எனக்குப் பிடிச்சிருக்கு, அதோட குணத்தோட வந்தா. சுத்திட்டே இருக்கிற வரைக்கும்தான் அது ஆயுதம். 0-100 வேக மீட்டர் வைங்க. சுத்தும்போது விளையாடறவர் எதிரி அடியைத் தடுக்க முடியாது, கேடயத்துல பட்டா வேகம் பாதியாகும், பேரிக்கு நிறுத்தினா பூஜ்யம். டெவில் மே க்ரை 5 கேம்ல வெர்ஜில்ங்கற வாள்வீரனோட கான்சன்ட்ரேஷன் மீட்டரும் இந்தச் சாயல்தான்: நிதானமா நடந்தா ஏறும், ஓடினாலோ வீசினது தவறினாலோ இறங்கும். ஆனா இதுக்கு அனிமேஷன் வேலை இரண்டு எதிரிக்குச் சமம். 5ஐ 3 ஆக்கச் சம்மதமான்னு பாருங்க.

முத்தியால்பேட்டை_மூணாவது_அடி

சரி, ஹெல்த்தைத் தொடலை. 4 எதிரி வச்சுக்கறோம், சுருள்வாள் அடுத்ததுக்கு. டோக்கன் பக் எங்ககிட்டயும் இருக்கு, இப்பதான் காரணம் புரியுது! இன்னொண்ணு: ஒரு களம் பிச்சாவரம் கால்வாய். கேமரா அலையாத்தி வேர்ல போய் முட்டுது.

சில்வர்பீச்_60

கேமரா முதுகுக்கு 5 மீட்டர் பின்னால இருந்தா களம் 12 மீட்டருக்குக் குறுகக் கூடாது. வேர்களுக்கு கேமரா மோதலை அணைச்சிட்டு, குறுக்கே வர்றதை மங்கலாக்குங்க. தண்ணில விழுந்தா கொல்ல வேண்டாம், 10% ஹெல்த் எடுத்துட்டுக் கரையில விடுங்க. தோத்தா மறுபடி தொடங்க 3 செகண்டுக்கு மேல ஆகுதுன்னா முதல்ல அதைச் சரி பண்ணுங்க, வேர் அப்புறம்.