போலரிஸ் ஆர்இசட்ஆர் எக்ஸ்பி 1000: புது ரோல் கேஜில் முன்கால் அடியில் கிராக். வெல்டிங் கோளாறா, டிசைன் கோளாறா?

மணல்மேடு_ஷார்ஜா:
வணக்கம். மணலில் ஓட்டுகிற இரண்டு சீட் வண்டி. கம்பெனியிலிருந்து வந்த ரோல் கேஜை, அதாவது கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் குழாய்க்கூண்டைக் கழற்றிவிட்டு, கூரையை 80 மி.மீ. தாழ்த்திப் புதுக் கேஜ் அடித்திருக்கிறோம். ஒன்றரை இஞ்ச் பைப், கோ2 வெல்டிங், மொத்தம் 22 மீட்டர் பிடித்தது. கூரையில் நீளவாட்டில் இரண்டு பைப், குறுக்கே மூன்று. முன்கால் நடுவில் அழகுக்காக 25 டிகிரி வளைவு. ஷார்ஜாவின் பதாயர் மணலில் நான்கு வாரம் ஓடியதுமே இரண்டு முன்காலிலும் அடித்தகட்டுக்குச் சற்று மேலே, வெல்டிங் ஓரத்தில், பாதிச் சுற்றுக்குக் கிராக்.

இன்னொன்று. முழு வெல்டிங் முடித்து வண்டியில் ஏற்றியபோது வலது முன் போல்ட் ஓட்டை 7 மி.மீ. தள்ளி நின்றது. கடப்பாரையால் நெம்பித்தான் மாட்டினோம். கிராக்கை கிரைண்ட் பண்ணி, மறுபடி வெல்ட் வைத்து, மேலே ஒரு பட்டை ஒட்டினால் தாங்குமா?

குழாய்க்கணக்கு:
பட்டை ஒட்டினால் கிராக் பட்டையின் ஓரத்துக்கு இடம் மாறும், அவ்வளவுதான். முதலில் மூன்று அளவு எடுத்துப் போடுங்கள்.

ஒன்று, பைப்பின் வெளிவிட்டமும் தடிமனும், வெர்னியரில். இரண்டு, முன்கால் வளைவில் அகலமான இடமும் சப்பையான இடமும். மூன்று, கூரையின் இரண்டு மூலைவிட்டங்களை டேப்பில் அளந்துவிட்டு, இரண்டு பேர் கூரை ஓரத்தைப் பக்கவாட்டில் தள்ளும்போது மறுபடி அளங்கள்.

மணல்மேடு_ஷார்ஜா:
வெளிவிட்டம் 48.2, தடிமன் 3.7. வளைவில் சப்பையான பக்கம் 41 மி.மீ. மூலைவிட்டம் தள்ளும்போது 6 மி.மீ. மாறுகிறது. கைக்கே ஆடுகிறது அண்ணா.

குழாய்க்கணக்கு:
அப்படியென்றால் விஷயம் தெளிவு. நீங்கள் வாங்கியது டியூப் இல்லை, தண்ணீர், ஆயில் போகிற செட்யூல் 40 பைப். பைப்புக்கு ஒன்றரை இஞ்ச் என்பது பெயரளவு, வெளிவிட்டம் 48.3 வரும், மீட்டருக்கு 4.05 கிலோ. கேஜுக்குப் போடுவது டிஓஎம் டியூப் (உள்ளச்சின் மேல் இழுத்து அளவு துல்லியமாக்கிய எஃகுக் குழாய்): ஒன்றே முக்கால் இஞ்ச் என்றால் வெளிவிட்டமே 44.45, தடிமன் 2.41, மீட்டருக்கு 2.5 கிலோ. உங்கள் 22 மீட்டருக்கு 89 கிலோ எதிர் 55 கிலோ. அந்த 34 கிலோவும் இடுப்புக்கு மேலே. மணல்மேட்டில் சாய்ந்து போகும்போது வண்டியைக் கவிழ்க்கத் துணை போவதே அந்தப் பாரம்தான்.

தடிமன் கூடினால் பலம் கூடும் என்று நம்புவது இந்த வேலையில் பழைய தப்பு. 38.1 விட்டம் 3.05 தடிமன் டியூப் மீட்டருக்கு 2.64 கிலோ. அதைவிட 44.45 விட்டம் 2.41 தடிமன் டியூப் எடையும் குறைவு, வளையாத விறைப்போ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிகம். விட்டத்தைக் கூட்டுங்கள், தடிமனை அல்ல.

வளைவு: எஃப்ஐஏ (சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பு) விதி 253-இல் சப்பையான விட்டத்தை அகலமான விட்டத்தால் வகுத்தால் 0.9-க்குக் குறையக்கூடாது. உங்களுடையது, 41-ஐ 48.2-ஆல் வகுத்தாலே, 0.85. ஜாக் வைத்துத் தள்ளும் ஹைட்ராலிக் பெண்டரில் வளைத்திருப்பீர்கள். டியூப் விட்டத்துக்கே செய்த டையில் (வளைவு அச்சில்) சுற்றி இழுத்து வளைக்கும் மெஷின் வேண்டும். நடுக்கோட்டு ஆரம் விட்டத்தைப் போல மூன்று மடங்காவது, அதாவது 133 மி.மீ.க்குக் குறையாமல். 152 டை கிடைத்தால் நல்லது.

கிராக்குக்கு வருவோம். கூரையில் மூலைவிட்டக் குழாயே இல்லை. நாலு மூலைச் சட்டம் பக்கவாட்டு அடியில் சாய்சதுரமாகத்தான் ஆகும். அந்த ஆட்டம் முழுக்கக் கீலாக வந்து சேர்வது காலடி வெல்டிங்கில். போதாததற்கு 7 மி.மீ.யைக் கடப்பாரையால் நெம்பி மாட்டியதில், வண்டி நகராமல் நிற்கும்போதே அந்த வெல்டிங் ஓரம் இழுபட்டுக்கொண்டிருக்கிறது. இரண்டும் சேர்ந்துதான் இந்தக் கிராக்.

புதுக் கேஜில் கூரைக்கு ஒரு எக்ஸ், இல்லாவிட்டால் முன் கண்ணாடி மேல்பைப்பின் நடுவிலிருந்து பின் மூலைகளுக்கு ஒரு வி. பிரதான வளையத்துக்கு (சீட்டுக்குப் பின்னால் நிற்கும் பெரிய வளைவுக் குழாய்) பின்னால் ஒரு மூலைவிட்டம். குழாய்கள் ஒரே முடிச்சில் வந்து சேரட்டும்; இன்னொரு குழாயின் நடுவயிற்றில் கொண்டுபோய் முட்ட வைக்காதீர்கள். முன்காலை நேராக விடுங்கள். அழகுக்கு வளைத்தே தீருவேன் என்றால் வளைவு இருக்கும் இடத்தில் ஒரு தாங்குகுழாய் வந்து சேர வேண்டும்.

ஆர்கான்_கை:
7 மி.மீ. தள்ளியது ஏன் என்று சொல்கிறேன். கேஜைக் கழற்றித் தரையில் வைத்து ஒரு பக்கத்தை முழுசாக அடித்துவிட்டு மறுபக்கம் போயிருப்பீர்கள். வெல்ட் ஆறும்போது சுருங்கும், கேஜையும் இழுக்கும்.

எல்லா காலும் போல்ட்டில் இறுகி இருக்கும்போதே எல்லா ஜாயின்ட்டுக்கும் டேக் (சின்னப் புள்ளி வெல்ட்) வையுங்கள், ஒரு ஜாயின்ட்டுக்கு நாலு. பிறகு இடது முன், வலது பின், வலது முன், இடது பின் என்று மாறி மாறி, ஒரு தடவைக்கு கால் சுற்று மட்டும். முழுக்க ஆறிய பிறகே போல்ட்டைத் தளர்த்த வேண்டும். வண்டியிலேயே அடிப்பதானால் பேட்டரியையும் ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) பிளக்கையும் கழற்றுங்கள், எர்த் கிளாம்பை அடிக்கிற ஜாயின்ட்டுக்குப் பக்கத்திலேயே போடுங்கள். தூரத்தில் போட்டால் கரண்ட் வீல் பேரிங் வழியாகப் போகும். பெட்ரோல் டேங்க் பிளாஸ்டிக் என்பதை மறக்க வேண்டாம். என்னைக் கேட்டால், சேசிஸ் ஓட்டைகளை அப்படியே கனமான சேனலில் குத்தி ஒரு ஜிக் (பிடிப்புச் சட்டம்) செய்துகொண்டு அதன்மேல் அடிப்பதுதான் நிம்மதி.

மீன்வாய் வெட்டில் (இன்னொரு குழாயில் பொருந்த முனையை வளைவாக வெட்டுவது) இடைவெளி 1.5 மி.மீ. தாண்டினால் வெல்டால் நிரப்பாமல் மறுபடி வெட்டுங்கள். அதை வெட்டும் ஹோல்சா (வட்ட ரம்பம்) டியூப் விட்டத்துக்குச் சமமாக இருக்கட்டும். வெல்டுக்கு மேல் கிரைண்டர் ஓட்டி வழவழப்பாக்குவதும் கூடாது, வெல்டின் தொண்டைத் தடிமன் (பாரம் தாங்கும் கனம்) போய்விடும்.

மணல்மேடு_ஷார்ஜா:
நன்றி அண்ணா. குரோமோலி 4130 (குரோமியம், மாலிப்டினம் சேர்ந்த எஃகு) போட்டால் எடையை இன்னும் குறைக்கலாமா? தோள் பெல்ட் மாட்டும் பெல்ட் பாரை எங்கே வைப்பது?

ஆர்கான்_கை:
கோ2-வில் அடிக்கப் போகிறீர்கள் என்றால் குரோமோலி வேண்டாம் தம்பி. அது ஆர்கான் வாயுவில், டிக் வெல்டிங்கில் பொறுமையாக அடிக்க வேண்டியது. காற்றடித்தோ தண்ணீர் தெளித்தோ ஆற வைத்தால் வெல்ட் ஓரம் நொறுங்கும் தன்மைக்குப் போகும். டிஓஎம்முக்கு ஈஆர்70எஸ்-6 வெல்டிங் கம்பி போதும்.

குழாய்க்கணக்கு:
பெல்ட் பார் தோள் உயரத்தில். பெல்ட் தோளிலிருந்து பின்னால் கிடைமட்டமாகவோ 20 டிகிரிக்குள் இறங்கியோ போகட்டும். அதற்கும் கீழே இருந்தால் மோதும்போது முதுகுத்தண்டை அழுத்தும். கூரையை 80 மி.மீ. தாழ்த்தியிருக்கிறீர்கள், ஹெல்மெட் மாட்டி, பெல்ட் இறுக்கி உட்கார்ந்து அளங்கள், குழாய்க்கும் ஹெல்மெட்டுக்கும் 75 மி.மீ.யாவது வேண்டும். வராவிட்டால் சீட்டைத் தாழ்த்துங்கள், இல்லை கூரையை ஏற்றுங்கள். தலைப்பக்கக் குழாய்களுக்கு எஃப்ஐஏ 8857-2001 பேடிங். ஏசி பைப்புக்குச் சுற்றும் கறுப்பு ஃபோம் தலையைக் காக்காது.

அடித்தகட்டைப் புதிதாகவே வெட்டுங்கள். போல்ட் குழாய்ச் சுவரை ஒட்டி இருக்கட்டும், தள்ளிப் போகப் போகத் தகடு நெம்பும். தகட்டுக்கும் குழாய்க்கும் இடையில் முக்கோணத் தகடு இரண்டு. எக்ஸும் மூலைவிட்டமும் சேர்த்தால் ஏறக்குறைய 26 மீட்டர் வரும். 6 மீட்டர் நீளத்தில் ஐந்து வாங்குங்கள். பெண்டரில் பிடிக்க விடும் முனை வீணாகும்.

மணல்மேடு_ஷார்ஜா:
பழைய கேஜைக் கழற்றியாயிற்று. கடைசி போல்ட் எடுத்ததும் வலது கால் தானாகவே 5 மி.மீ. துள்ளி வெளியே வந்தது.