வேம்ப் செருகுநிரலைப் பைத்தானில் எழுதுவது விளையாட்டு வேலையா?

குழலோசை எழுதியது:
“பைத்தானில் எழுதிய செருகுநிரலை வைத்துக்கொண்டு ஒரு முழுப் பாட்டைக்கூட ஆராய முடியாது, அது மாணவர்களின் விளையாட்டு” என்று நேற்று வேறோர் இழையில் வன்நிரலர் எழுதியிருந்தார். இரண்டு ஆண்டுகளாக அந்த விளையாட்டைத்தான் நான் வேலையாகச் செய்துவருகிறேன் என்பதால் பேசாமல் இருக்க முடியவில்லை. செருகுநிரல் என்பது வேறொரு மென்பொருளுக்குள் பொருத்திக்கொள்ளும் சிறு நிரல். லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தில் உருவான வேம்ப் (Vamp) என்னும் செருகுநிரல் அமைப்பு, ஒலியை ஆராய்வதற்கானது, ஒலிக்கு எதிரொலி சேர்ப்பதற்கானதன்று. ஒலி உள்ளே போகும். சுருதி, தாளத்தட்டு, சுரம் தொடங்கும் நேரம் ஆகிய விவரங்கள் மட்டுமே வெளியே வரும். வேம்ப்பை (VamPy) என்னும் இணைப்பு, தன்னுள் பைத்தான் மொழியை ஓட்டி, நாம் எழுதும் கோப்பைச் சோனிக் விஷுவலைசர் போன்ற ஒலி ஆய்வு மென்பொருளுக்குச் செருகுநிரலாகவே காட்டுகிறது. நொடிக்கு 44,100 மாதிரிகள் (ஒலியலையின் அளவெண்கள்) வீதம் பதிவான நான்கு நிமிடப் பாட்டில் ஒரு கோடியே ஐந்து லட்சத்துக்கு மேல் மாதிரிகள் இருந்தாலும், மாதிரிகளைத் தொகுதி தொகுதியாக எடுத்து, 512 மாதிரிக்கு ஒரு முறை நகர்ந்தால், கணக்கிடும் என் செயற்கூறு ஏறத்தாழ 20,670 முறைதான் அழைக்கப்படும். இந்த எண்ணைப் பார்த்துவிட்டு, எங்கே முடியாமல் போகிறது என்று அவர் சொல்லட்டும்.

வன்நிரலர் எழுதியது:
தம்பி, எண்ணைப் பார்த்தேன். ஒவ்வோர் அழைப்பிலும் கணக்கைப் போடுவது யார் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். நம்பை (NumPy) என்னும் பைத்தான் கணக்கு நிரல் நூலகம்தான் போடுகிறது. அதன் உள்ளகம் சி மொழியில் எழுதப்பட்டது. பக்கத்து வீட்டில் குழம்பு வாங்கிவந்து, தாமே சமைத்ததாகப் பரிமாறுவது எந்த ஊர் வழக்கம்? நம்பையை எடுத்துவிட்டு அதே கணக்கை, எண் எண்ணாகத் திரும்பத் திரும்பச் செய்யும் பைத்தான் சுற்றுகளாக எழுதிக் காட்டுங்கள், பேசுவோம்.

குழலோசை எழுதியது:
முதலில், நான் தம்பி அல்லள். இதை முன்பே ஒரு முறை தெரிவித்திருக்கிறேன். அடுத்து, அலைவெண் வடிவில் உள்ளீடு வேண்டும் என்று வேம்ப்பிடம் கேட்டால், ஒலியை அலைவெண்களாகப் பிரிக்கும் ஃபூரியே உருமாற்றத்தை, செருகுநிரலைத் தாங்கும் மென்பொருளே செய்துகொடுத்துவிடும். நீங்கள் சி++ மொழியில் எழுதும் செருகுநிரலும் அந்தக் கணக்கைத் தானே போடுவதில்லை. அப்படியானால் உங்கள் வீட்டுக் குழம்பும் பக்கத்து வீட்டிலிருந்துதான் வருகிறது.

வேலையின் கடினம் வேறோர் இடத்தில் இருக்கிறது. ஒரு கட்டைச் சுருதியில் சட்சமம் ஏறத்தாழ 131 ஹெர்ட்ஸ். அதற்கு அடுத்த சுரத்தானம் 8 ஹெர்ட்ஸ் தள்ளி நிற்கிறது. 1,024 மாதிரி கொண்ட தொகுதியை எடுத்தால், அலைவெண்ணின் ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் இடையே 43 ஹெர்ட்ஸ் இடைவெளி விழுவதால், தம்புராவின் சட்சமமும் அதன் பக்கத்துச் சுரமும் ஒன்றாகக் குழைந்துபோகின்றன. 8,192 என்று மாற்றினால் இடைவெளி 5.4 ஹெர்ட்ஸாகச் சுருங்கினாலும், தொகுதி நீள்வதால் விரைவான கமகங்கள் மங்கிவிடுகின்றன. எது சரி என்று கண்டுபிடிக்க ஒரு மாலையில் இருபது முறை மாற்றிப் பார்க்க வேண்டியிருக்கிறது. எனக்கு ஒவ்வொரு முறையும் கோப்பைச் சேமித்து மென்பொருளை மூடித் திறந்தால் போதும்.

வன்நிரலர் எழுதியது:
உங்கள் 20,670 கணக்கும் தவறு. 1,024 நீளத் தொகுதியை 512 மாதிரிக்கு ஒரு முறை நகர்த்தினால் ஒவ்வொரு மாதிரியும் இரண்டு முறை எண்ணப்படும். ஆக இரண்டு கோடிக்கு மேல். அந்த இரண்டு கோடியைச் சுமப்பது சி மொழி, பைத்தான் அன்று.

மேசைவிளக்கு எழுதியது:
இருவரும் வேகத்தையே பேசுகிறீர்கள். வேம்ப்பை எந்தப் பைத்தான் பதிப்போடு சேர்த்துத் தொகுக்கப்பட்டதோ (compile), அதே பதிப்பு பயனர் கணினியிலும் இருந்தாக வேண்டும் என்பதுதான் என்னை வாட்டிய சிக்கல். நண்பர் ஒருவருக்குக் கோப்பை அனுப்பிவிட்டு, பதிப்பு பொருந்தாததால் பட்டியலில் செருகுநிரலே தெரியவில்லை என்று அரை நாள் தொலைபேசியில் தேடினேன். சி++ மொழியில் தொகுத்த ஒரே கோப்பாக இருந்திருந்தால் அந்தத் தொல்லை வந்திருக்காது.

குழலோசை எழுதியது:
மேசைவிளக்கு சொல்வது உண்மைச் சிக்கல்தான். அதைத் தனி இழையில் பேசலாம். வன்நிரலரே, நான் எண்ணியது அழைப்புகளை, மாதிரிகளை அன்று. முதல் பதிவை மறுபடி படியுங்கள்.

சென்ற ஆண்டு என் மிருதங்கத் தட்டுக் குறிகள் எல்லாம் 23 மில்லிநொடி முன்னதாகவே விழுந்தபோது, “பைத்தான் மெதுவாக ஓடுவதால் வந்த கோளாறு” என்று எல்லார் முன்னிலையிலும் நீங்கள் எழுதினீர்கள். மெதுவாக ஓடியிருந்தால் கணக்கு முடிய நேரமாகியிருக்குமே தவிர, குறி இடம் மாறியிருக்காது. அலை வடிவத்தை நன்றாகப் பெரிதாக்கி, ஒவ்வொரு தட்டின் செங்குத்தான எழுச்சிக்கும் என் கோட்டுக்கும் உள்ள இடைவெளியை அளந்து பார்த்தேன். ஒன்றுகூடத் தப்பாமல் அதே 23. அலைவெண் உள்ளீட்டில் வேம்ப் கொடுக்கும் நேரக்குறி தொகுதியின் நடுப்புள்ளியைக் குறிக்கிறது. நானோ அதை வாங்காமல், தொகுதியின் தொடக்கத்திலிருந்து நானாகவே எண்ணிக்கொண்டிருந்தேன். 2,048 மாதிரித் தொகுதியில் பாதி 1,024. அதுதான் அந்த 23 மில்லிநொடி. தவறு என்னுடையது, மொழியினுடையதன்று. சி++ மொழியில் எழுதியிருந்தாலும் அதே இடத்தில்தான் இடறியிருப்பேன். அன்று நீங்கள் எழுதியதை இன்றுவரை திருத்தவில்லை.

வன்நிரலர் எழுதியது:
பழைய கதையைக் கிளறினால் கேட்ட கேள்வி மறைந்துவிடாது. நம்பை சி மொழியில் எழுதப்பட்டதா, இல்லையா?

குழலோசை எழுதியது:
எழுதப்பட்டதுதான். பைத்தானை ஓட்டும் நிரலும் சி மொழியில் எழுதப்பட்டதுதான். இரண்டு தொகுதிகளுக்கு இடையே ஆற்றல் எங்கே கூடுகிறது, எந்தக் கூடுதலைத் தட்டு என்று ஏற்பது, எதைக் குரலின் நடுக்கம் என்று தள்ளுவது என்பவற்றை முடிவு செய்த முப்பது வரிகளை நான் எழுதினேன்; அவை பைத்தானில் இருக்கின்றன. நீங்கள் கேட்டபடி நம்பை இல்லாமல், வெறும் பைத்தான் சுற்றுகளாலும் அதையே எழுதி இங்கே இணைத்திருக்கிறேன். மெதுவாகத்தான் ஓடுகிறது, ஆனால் முழுப் பாட்டையும் ஆராய்ந்து முடிக்கிறது. குறிகள் அதே இடங்களில் விழுகின்றன. ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

வன்நிரலர் எழுதியது:
மெதுவாக ஓடுகிறது என்று நீங்களே ஒப்புக்கொண்டபின் நான் ஏன் ஓட்டிப் பார்க்க வேண்டும்?

குழலோசை எழுதியது:
முழுப் பாட்டை ஆராயவே முடியாது என்று நேற்று எழுதியவர் நீங்கள் என்பதால்.