கூட வேலை பார்த்தவர்களுக்கே சூப்பர்வைசர்: ஆட்களை எப்படி நடத்துவது?

பி_ஷிஃப்ட் கேட்டது:

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆட்டோ பாகங்கள் செய்யும் கம்பெனி. சி.என்.சி. டர்னிங் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகத்தைக் கடைவது) பிரிவு, 8 மெஷின். அடுத்த மாதத்திலிருந்து பி ஷிஃப்ட்டுக்கு (மதியம் 2 முதல் இரவு 10) நான்தான் சூப்பர்வைசர். இதுவரை அதே லைனில் ஆப்பரேட்டர். மொத்தம் 14 பேர்: நிரந்தர ஆட்கள் 6, ஐ.டி.ஐ. அப்ரன்டிஸ் 3, கான்ட்ராக்ட் 5. கான்ட்ராக்டில் நாலு பேர் ஒடிசா.

சிக்கல்கள் இவை. புதுப் பசங்க ரெண்டு மூணு மாதத்தில் நின்றுவிடுகிறார்கள், இருக்கிறவரை ரிஜெக்ஷன் (அளவு தவறிக் கழிக்கப்படும் பீஸ்) போடுகிறார்கள். சீனியர் அண்ணன் ஒருத்தர், வேலையில் கில்லாடி, ஆனால் யாருக்கும் சொல்லித் தரமாட்டார், ஒரு வார்த்தை கேட்டாலும் முகம் மாறிவிடும். திங்கட்கிழமை ஆள் வருவதில்லை. கூடவே இருந்த நண்பர்கள் இப்போதே ஓ.டி.யும் (ஓவர்டைம்) லீவும் தங்களுக்கு முதலில் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

'அன்பாகப் பேசு', 'கண்டிப்பாக இரு' வகை அறிவுரை நிறையக் கிடைத்துவிட்டது. என்ன செய்யணும், எப்படிச் செய்யணும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மைக்ரோமீட்டர்:

ரிஜெக்ஷனிலிருந்து ஆரம்பியுங்கள். புது ஆள் ஜாபை (கடைகிற பாகத்தை) கெடுத்ததும் 'அக்கறை இல்லை' என்று முடிவு கட்டுவது எல்லா லைனிலும் நடப்பது. அக்கறையை அளக்க கேஜ் கிடையாது. சொல்லிக்கொடுத்த விதத்தைச் சோதிக்கலாம். நம் எஸ்டேட்டில் பயிற்சி என்றால் பழைய ஆள் பக்கத்தில் ரெண்டு நாள் நிற்க வைப்பது. அவர் கை ஓடும் வேகத்தில் எந்தப் பட்டனை அமுக்குகிறார் என்பது மட்டும்தான் புதியவருக்குத் தெரியும்.

அமெரிக்காவில் 1940 முதல் 1945 வரை, போர்க்காலத் தொழிற்சாலைகளில் அனுபவமே இல்லாதவர்கள் குவிந்தபோது டி.டபிள்யூ.ஐ. (ட்ரெயினிங் விதின் இண்டஸ்ட்ரி) என்றொரு பயிற்சித் திட்டம் நடந்தது. போருக்குப் பிறகு அது ஜப்பான் போய் டொயோட்டாவிலும் வேரூன்றியது. வேலை கற்றுக்கொடுப்பதற்கு அதில் நாலு கட்டம்: ஆளைத் தயார் செய்வது, செய்து காட்டுவது, அவரைச் செய்யவிடுவது, பிறகு போய்ப் போய்ப் பார்ப்பது. கேட்க சாதாரணமாக இருக்கும். சாரம் எல்லாம் அதற்கு முன்னால் நீங்கள் எழுதும் தாளில் இருக்கிறது. அதில் மூன்று பத்தி: படி, அந்தப் படியில் கவனிக்க வேண்டிய இடம், ஏன்.

ஜாப் லோடிங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். படி: ஜாபை சக்கில் (ஜாபைப் பிடித்துச் சுழற்றும் தலை) வைத்து ஸ்டாப்பரோடு ஒட்ட அமர்த்துவது. கவனிக்க வேண்டியது: ஒவ்வொரு முறையும் ஜாவையும் (சக்கின் பிடிக்கும் தாடை) ஸ்டாப்பர் முகத்தையும் பிரஷ்ஷால் சுத்தம் செய்வது. ஏன்: ஒரு சிப் (கடைந்த உலோகத் துணுக்கு) நடுவில் மாட்டினாலும் ஜாப் சாய்ந்து உட்காரும். கடைந்த விட்டம் மைக்ரோமீட்டரில் சரியாகவே காட்டும், ஆனால் பிடித்த பக்கத்தோடு ஒப்பிட்டால் ரன்அவுட் (சுற்றும்போது மையம் விலகி ஆடுவது) போயிருக்கும். லைனில் யாருக்கும் தெரியாது, கஸ்டமர் அசெம்பிளியில்தான் மாட்டும். இந்த 'ஏன்' தெரியாத பையன், கவுன்ட் (பீஸ் எண்ணிக்கை) ஏறணும் என்ற அவசரத்தில் முதலில் விடுவது பிரஷ்ஷைத்தான்.

இன்சர்ட் (டூலின் வெட்டும் முனை) மாற்றிய பிறகு வரும் ஆஃப்செட்டும் (டூல் நிலையைத் திருத்த மெஷினில் போடும் எண்) அப்படித்தான். விட்டம் 0.03 மி.மீ. பெரிதாக வந்தால் எக்ஸ் வேர் ஆஃப்செட்டில் 0.03 கழிக்கணும். கூட்டுவதா கழிப்பதா, முழுசாகப் போடுவதா பாதியா என்று புதியவர் தடுமாறுவது இங்கேதான். உங்கள் மெஷின் விட்டக் கணக்கில் செட் ஆகியிருந்தால் முழு அளவு. அதைத் தாளில் அப்படியே எழுதுங்கள். உள்விட்டத்துக்கும் கூட்டல் கழித்தல் அதேதான், ஆனால் இன்சர்ட் தேயத் தேய வெளிவிட்டம் பெரிதாகும், உள்விட்டம் சிறிதாகும், அதற்குத் தனித் தாள்.

ஒரு தடவைக்கு ஏழு படிக்கு மேல் வேண்டாம். மூன்று முறை செய்து காட்டுங்கள்: முதல் முறை படிகளை மட்டும் சொல்லி, அடுத்த முறை கவனிக்க வேண்டிய இடங்களோடு, மூன்றாம் முறை காரணங்களோடு. பிறகு அவர் கையில் கொடுங்கள். முதலில் பேசாமல் செய்யட்டும், தப்பு வந்த நொடியிலேயே நிறுத்தித் திருத்துங்கள். அடுத்து வாயால் சொல்லிக்கொண்டே செய்யட்டும், 'ஏன்' உட்பட. 'புரிஞ்சுதா?' என்று கேட்கவே கேட்காதீர்கள். அதற்குப் பதில் எப்போதும் 'ம்' தான்.

தனியாக விட்ட பிறகு முதல் ஷிஃப்ட்டில் அரை மணிக்கு ஒருமுறை, அடுத்த நாள் ஒரு மணிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள், பிறகு படிப்படியாகக் குறையுங்கள். சந்தேகம் வந்தால் யாரைக் கேட்கணும் என்று ஒரே ஒரு பெயரைச் சொல்லி வையுங்கள். 'யாரை வேணா கேளு' என்றால் யாரையும் கேட்கமாட்டான். புதுசாக வந்தவன் நின்றுவிடுவதிலும் இதற்கு நிறையப் பங்கு உண்டு. வேலை பிடிபடாமல் தினம் திட்டு வாங்குகிறவன் எங்கேயும் தங்கமாட்டான்.

கேன்டீன் டீ:

மேலே சொன்னது சரி, ஆனா அந்தத் தாளை எழுதப்போறது யாரு? நீங்க எழுதினா சீனியர் அண்ணன் அதைக் கிழிக்காத குறைதான். அவரை வச்சே எழுதுங்க. 'அண்ணே, இந்த ஜாப்ல பசங்க எங்க கோட்டை விடுறாங்க?'ன்னு கேட்டு, அவர் சொல்லச் சொல்ல நீங்க எழுதணும். அவர் கையில பேனாவைக் கொடுக்காதீங்க, அது பரீட்சை மாதிரி ஆயிடும்.

அவர் ஏன் சொல்லித்தர மாட்டேங்கிறார்னு யோசிச்சீங்களா? குணம்னு நினைக்காதீங்க, கணக்கைப் பாருங்க. சொல்லித்தர்ற நேரத்துல அவர் கவுன்ட் குறையும், இன்சென்டிவ் போகும். மெஷின் செட்டிங் தெரிஞ்ச ஆள் அவர் ஒருத்தர்தான்ங்கிற வரைக்கும் ஓ.டி.யும் அவருக்குத்தான். ரெண்டையும் நீங்க சரி பண்ணாம 'கொஞ்சம் சொல்லிக் குடுங்கண்ணே'ன்னா அது இனாம் கேட்கிறது. பயிற்சி குடுக்கிற நாள்ல அவர் டார்கெட்ல ரெண்டு மணி நேரத்தைக் கழிச்சு ரிப்போர்ட்ல தனியாக் காட்டுங்க. பையன் தேறிட்டான்னு ஸ்கில் சார்ட்ல (யாருக்கு எந்த வேலை எவ்வளவு தெரியும்னு காட்டுற அட்டவணை) கையெழுத்து போடற உரிமையை அவருக்குக் கொடுங்க. இதை முதல்லயே மேனேஜர்கிட்ட பேசி வாங்கிடணும்.

தப்பைக் கேட்கிற விதம். அதே ஷிஃப்ட்லயே, தனியா, மெஷின் பக்கத்துல. பார்த்ததை மட்டும் சொல்லுங்க: 'அண்ணே, ஏழு மணிக்கு மூணாம் நம்பர்ல இன்சர்ட் மாத்தியிருக்கு, ஃபர்ஸ்ட் பீஸ் ஷீட்ல (முதல் பீஸ் அளவு எழுதற தாள்) என்ட்ரி இல்ல. அதுக்கப்புறம் 40 பீஸ் ஓடிருக்கு, இப்ப அத்தனையும் செக் பண்ணணும். என்னாச்சு?' இதோட வாயை மூடிக்கணும். பெரும்பாலான சூப்பர்வைசர்கள் கெடுக்கிறது இந்த இடத்துலதான். அவர் பதில் சொல்றதுக்குள்ள 'நீங்களே இப்படிப் பண்ணா பசங்க என்ன பண்ணுவாங்க'ன்னு ஒண்ணைச் சேர்ப்பாங்க. அப்புறம் பேச்சு இன்சர்ட்டைப் பத்தி இருக்காது, மரியாதையைப் பத்தி ஆயிடும். அவர் சொல்ற காரணத்துல மைக்ரோமீட்டரை ஸ்டோருக்குப் போய் வாங்கணும்ங்கிற மாதிரி ஏதாவது நிஜமா இருக்கும், அதைக் கேளுங்க. இனிமே எப்படின்னு அவர் வாயாலயே சொல்லட்டும். ரெண்டு நாள் கழிச்சு ஷீட்டைப் போய்ப் பாருங்க, என்ட்ரி இருந்தா 'பார்த்தேண்ணே'ன்னு ஒரு வார்த்தை. வாட்ஸ்அப் குரூப்ல கெட்டுப்போன ஜாப் போட்டோ போட்டு 'யார் இது?'ன்னு கேட்கிற பழக்கம் மட்டும் வேணவே வேணாம்.

நண்பர்கள் விஷயம். வாயால தர்ற எந்தச் சலுகையும் வம்பு. ஓ.டி.க்கு ஒரு வரிசை எழுதி போர்டுல ஒட்டுங்க. முதல் பேருக்கு முதல்ல கேளுங்க, வேணாம்னா அவர் கடைசிக்குப் போவார். செட்டிங் தெரிஞ்ச ஆள் கட்டாயம் வேணும்ங்கிற நாளுக்கு மட்டும் விதிவிலக்கு, அதையும் காரணத்தோட அதே போர்டுல எழுதுங்க. லீவுக்குக் கணக்கு இருக்கு: 14ல அப்ரன்டிஸ் 3 பேரைத் தனி மெஷின்ல விட முடியாது, மீதி 11. மெஷினுக்கு 8, இன்ஸ்பெக்ஷனுக்கும் பர் (ஓரத்துல நிக்கிற பிசிறு) எடுக்கவும் 1, ஆக 9. ஒரே நாள்ல ரெண்டு பேருக்குத்தான் லீவு. அந்த ரெண்டு பேரும் செட்டிங் தெரிஞ்சவங்கன்னா இந்தக் கணக்கே பொய்.

அப்புறம், ஃப்ளோர்ல எல்லாருக்கும் 'நீங்க'. அப்ரன்டிஸ் பையனுக்கும் சேர்த்து. நண்பனை மட்டும் 'டா' போட்டா மத்தவங்க கணக்கு எழுதிக்குவாங்க. வெளியில டீக்கடையில எப்படி வேணா பேசிக்கலாம்.

பி_ஷிஃப்ட்:

ரெண்டு பேருக்கும் நன்றி. டார்கெட் குறைப்பைப் பற்றி மேனேஜரிடம் கேட்கிறேன். ஒடிசா பசங்களுக்குத் தமிழ் சுமார், எனக்கு ஹிந்தி சுத்தமாக வராது. அவர்களுக்குச் சொல்லித் தருவது எப்படி? திங்கட்கிழமைக்கும் யாராவது வழி சொல்லுங்கள்.

வருகைப் பதிவேடு:

திங்கட்கிழமையை ஒட்டுமொத்தமாகப் பார்க்காதீர்கள். மூன்று மாத வருகைப் பதிவை எடுத்து, பெயர் ஒரு பக்கம், கிழமை ஒரு பக்கம் போட்டு ஒரு தாளில் குறியுங்கள். 'யாருமே வருவதில்லை' என்பது அநேகமாக ரெண்டு மூணு பேராகச் சுருங்கிவிடும். அவர்களோடு தனித்தனியாகப் பேசலாம். மற்றவர்களுக்கு எந்தத் திங்கள் வரவில்லையோ அதற்கு முந்தைய ஞாயிறு ஓ.டி. பார்த்தார்களா என்று பாருங்கள். வார ஓய்வைக் கம்பெனி எடுத்துக்கொண்டால் ஆள் திங்கட்கிழமை எடுத்துக்கொள்வார். அப்படியிருந்தால் கண்டிக்க ஒன்றுமில்லை, மாற்று ஓய்வு நாளை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

சட்டத்தையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். வாரம் 48 மணி நேரத்துக்கு மேல் போனால் இரட்டிப்புக் கூலி என்பது 1948 தொழிற்சாலைச் சட்டத்தில் இருந்தது. 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்த பிறகும் அந்த இரட்டிப்பு அப்படியே இருக்கிறது. 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நம் சட்டமன்றத்தில் 2023 ஏப்ரலில் நிறைவேறி, எதிர்ப்பால் திரும்பப் பெறப்பட்டதும் நினைவிருக்கும். வேலை நேரம் என்றால் இங்கே ஆட்கள் உஷார், 'கொஞ்சம் இருந்துட்டுப் போங்க' என்று சும்மா சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டின் விடுமுறைச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, அதோடு ஐந்து பண்டிகை நாட்கள், ஆக ஒன்பது. அந்த நாளில் வேலை வாங்கினால் இரட்டிப்புக் கூலி, அல்லது அன்றைய கூலியோடு மாற்று விடுமுறை.

பி ஷிஃப்ட் என்பதால் இன்னொன்று. ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம் பக்கம் போகிறவர்களுக்கு இரவு பத்து மணிக்கு மேல் ஒவ்வொரு ரயிலும் கணக்கு. ஓ.டி. வேண்டுமென்றால் மாலை ஆறு மணி டீக்கு முன்னால் கேட்டுவிடுங்கள். ஒன்பதே முக்காலுக்குக் கேட்டால் வரும் 'முடியாது' வேலை பிடிக்காததால் வருவதில்லை.

ஒடிசா பசங்களுக்கு ஹிந்தி கற்றுக்கொள்ள மெனக்கெட வேண்டாம், அவர்கள் தாய்மொழி ஒடியா. மைக்ரோமீட்டர் சொன்ன தாளில் எழுத்தைக் குறைத்துப் படத்தைப் போடுங்கள். நல்ல ஜாப் ஒன்று, பர் உள்ளது ஒன்று, டூல் மார்க் உள்ளது ஒன்று, மூன்றையும் பலகையில் கட்டி மெஷின் அருகில் தொங்கவிடுங்கள். 'எவ்வளவு கோடு வரைக்கும் ஓ.கே.' என்பதற்கு எல்லை மாதிரி (இதுவரை ஓ.கே. என்று காட்டும் சாம்பிள் பீஸ்) கட்டாயம் வேண்டும், அதில் குவாலிட்டி கையெழுத்தும் இருக்கணும். கெட்டதற்குச் சிவப்புப் பெட்டி, சந்தேகத்துக்கு மஞ்சள் பெட்டி. மஞ்சளில் போட்டவனைத் திட்டினால் அடுத்த நாள் அந்தப் பெட்டி காலியாக இருக்கும், ஜாப் நல்லதோடு கலந்திருக்கும்.

தமிழ் நன்றாகப் பேசும் பையன் ஒருவனை மொழிபெயர்க்க வைப்பீர்கள், வேறு வழியில்லை. ஆனால் லீவு, ஓ.டி., சம்பளப் பேச்சு மூன்றும் அவன் வழியாகப் போகக்கூடாது. கொஞ்ச நாளில் அவன்தான் அந்த நாலு பேருக்கு முதலாளி என்று ஆகிவிடும், காசு கைமாறுவது வரை போகும்.

ஊர் லீவுதான் அவர்களுக்குப் பெரிய விஷயம். ஜூன் நடுவில் ரஜ பண்டிகை, பிறகு துர்கா பூஜை. ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கும். அதற்கு ஒரு வாரம் முன்பே லீவுக்கு ஆம், இல்லை சொல்லிவிட்டால் போக, வர ரெண்டு டிக்கெட்டும் எடுத்துக்கொள்வான், திரும்பும் தேதி உங்களுக்கும் தெரியும். கடைசி நேரத்தில் சரி என்றால் வெயிட்டிங் லிஸ்ட்டில் போய், திரும்பி வர டிக்கெட் கிடைக்காமல் அங்கேயே தங்கிவிடுவான். அதையும் சேர்த்துத்தான் 'நின்றுவிட்டான்' என்று எழுதுகிறோம்.

கான்ட்ராக்ட் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் வந்துவிடணும். எட்டாம் தேதி ஐந்து பேரையும் கேளுங்கள். வரவில்லை என்றால் அன்றே எச்.ஆருக்கு மெயிலில் எழுதுங்கள். கான்ட்ராக்டர் தராவிட்டால் கம்பெனிதான் தரணும், அது அவர்களுக்கும் தெரியும்.

நாலாம் நம்பர் மெஷின்:

எல்லாம் சரி, ஆனா ஸ்கில் சார்ட்னு ஒண்ணை மாட்டிட்டு ஆடிட் அன்னைக்கு மட்டும் வட்டத்தை நிரப்புற கதை ஆயிடக்கூடாது. கால் வட்டம்னா சொல்லிக் கொடுத்தாச்சு, அரைன்னா கண்காணிப்புல செய்வார், முக்கால்னா தனியா செய்வார், முழுசுன்னா அடுத்தவருக்குச் சொல்லித்தருவார். எந்த வேலைக்கு முக்கால் வட்டம் தாண்டினவர் ஒருத்தர்தான் இருக்காரோ, அடுத்த பயிற்சி அதுக்குத்தான்.

ஷிஃப்ட் மாத்திக்கிறதை விட்டுட்டீங்க. ஏ ஷிஃப்ட்காரர் பையைத் தூக்கிட்டு ஓடற நேரத்துல 'எல்லாம் ஓ.கே.'ன்னு சொல்றது செல்லாது. 1:50க்கே போய் மெஷின் மெஷினா அவரோட நடங்க: எந்த இன்சர்ட் எத்தனை பீஸ் ஓடிருக்கு, எந்த ஆஃப்செட் நகர்ந்துகிட்டே இருக்கு, மஞ்சள் பெட்டியில என்ன. அப்புறம் உங்க ஆட்களோட நின்னபடி அஞ்சு நிமிஷம்: இன்னைக்கு என்ன ஜாப், யார் எங்க, நேத்து என்ன கெட்டுச்சு. கெடுத்தவர் பேர் அங்க வேணாம்.

பொறுப்பு எடுக்கறதுக்கு முன்னாடி மேனேஜர்கிட்ட மூணு கேள்விக்குப் பதில் வாங்கிடுங்க. லீவை நீங்களே சாங்ஷன் பண்ணலாமா? சந்தேகம் வந்தா மெஷினை நிறுத்தலாமா? டார்கெட்டை நடுவுல மாத்தினா யார் மூலமா வரும்? 'பார்த்துக்கலாம்'னு சொன்னா, அதே நாள் மெயில்ல 'நாம பேசினபடி'ன்னு நீங்க புரிஞ்சுக்கிட்டதை எழுதி அனுப்பிடுங்க. லீவு உங்க கையில இல்லைன்னா ஆட்கள்கிட்ட 'கேட்டுட்டு நாளைக்கு ஆறு மணிக்குச் சொல்றேன்'னு சொல்லுங்க. ஆறு மணிக்குப் பதில் கிடைக்கலைன்னாலும் போய் 'இன்னும் வரலை'ன்னு சொல்லிடணும்.