புதுப்பிப்பு: வி8 இன்ஜினுக்கு எந்தப் பழைய கார்?

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: செவர்லே எல்எஸ்1, அதாவது 5.7 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜினை ஏற்ற 1972 டாட்சன் 240இசட் வாங்குவதா, 1987 பிஎம்டபிள்யூ இ30 வாங்குவதா என்று. டாட்சனையே வாங்கிவிட்டேன்.

முடிவு செய்ய வைத்தது கலிஃபோர்னியாவின் புகைச் சோதனைதான். 1975 வரையான கார்களுக்கு அந்தச் சோதனையே கிடையாது. இ30 என்றால் புது இன்ஜினோடு வரும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (புகையிலுள்ள நச்சைக் குறைக்கும் பாகம்) உட்பட எல்லா மாசுக் கட்டுப்பாட்டுச் சாமான்களும் இருக்க வேண்டும். அதைத் தனியாகப் போய்க் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும்.

முதலில் பார்த்த டாட்சன் வெளியே பளபளவென்று இருந்தது. பேட்டரித் தட்டுக்குக் கீழே ஸ்க்ரூடிரைவரால் லேசாகக் குத்தினேன், தகடு அப்பளம் மாதிரி நொறுங்கியது. சேஸிஸ் துருப்பிடித்த காரில் வி8 ஏற்றுவது ஆபத்து, விட்டுவிட்டேன். இரண்டாவது காருக்குப் பெயின்ட் மோசம், ஆனால் அடித்தளம் கெட்டி. அதுதான் இப்போது வீட்டில் நிற்கிறது.

டிஃபரன்ஷியலை, அதாவது இன்ஜின் சக்தியைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பாகத்தை, மாற்றச் சொன்ன நண்பருக்கு மனமார்ந்த நன்றி. காரிலிருந்த பழைய ஆர்180 டிஃபரன்ஷியலைக் கழற்றிவிட்டேன். இதே வரிசையில் பின்னால் வந்த 280இசட் காரின், இன்னும் வலுவான ஆர்200-ஐத் தேடிக்கொண்டிருக்கிறேன். அது கிடைத்த அப்புறம்தான் வி8 இன்ஜினை ஏற்றுவேன்.