அதிமதுரம் என் ரத்த அழுத்தத்தை ஏற்றிய அனுபவம்

மாலைக் காபியை விட்டால் இரவில் தூக்கம் ஒழுங்காக வரும் என்ற நம்பிக்கையில்தான் நான் மூலிகைத் தேநீருக்கு மாறினேன். பெயரில் தேநீர் இருந்தாலும் அதில் தேயிலை கிடையாது என்பதும், பெரும்பாலான மூலிகைகளில் காஃபின் இல்லை என்பதும் எனக்குப் போதுமான காரணங்களாக இருந்தன.

தொடக்கத்தில் எல்லாவற்றையும் திறந்த பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க விட்டேன். புதினாவின் மணம் வீடு முழுவதும் பரவியதே தவிர, கோப்பையில் பச்சை நிறத் தண்ணீர்தான் மிஞ்சியது. இலையும் பூவும் கொதிக்கக் கூடாது, கொதித்த நீரை அவற்றின் மேல் ஊற்றி ஐந்து முதல் பத்து நிமிடம் மூடி வைக்க வேண்டும் என்பது பிறகுதான் புரிந்தது. மூடியின் அடியில் திரளும் துளிகளை இன்றும் கோப்பைக்குள்ளேயே தட்டிவிடுகிறேன், ஏனெனில் ஆவியோடு மேலெழுந்த மணம் அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேரும் பட்டையும் வேறு ரகம். இஞ்சி, அதிமதுரம், இலவங்கப்பட்டை போன்றவற்றைச் சிறு தீயில் பதினைந்து நிமிடமாவது வைத்தால்தான் சாரம் இறங்கும்.

அந்த அதிமதுரத்தைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஒரு சளிக்காலத்தில் தொண்டைக் கரகரப்புக்காகத் தொடங்கினேன். சர்க்கரை சேர்க்காமலேயே நாவில் நெடுநேரம் நிற்கும் அந்த இனிப்பு எனக்கு மிகவும் பிடித்துப்போனதால், தொண்டை சரியான பிறகும் விடாமல், ஒரு நாளைக்கு மூன்று கோப்பை வீதம் இரண்டு மாதங்களுக்கு மேல் குடித்துவந்தேன். மருந்து மாத்திரை எதுவும் இல்லாமல் உடம்பைப் பார்த்துக்கொள்கிறேன் என்ற சிறு பெருமையும் கூடவே இருந்தது.

ஒரு நாள் மாலை காலுறையைக் கழற்றியபோது, அதன் விளிம்பு கணுக்காலைச் சுற்றிக் கயிறு கட்டியதுபோல் பதிந்திருந்தது. அழுத்திப் பார்த்தால் விரல் பட்ட இடம் குழிந்து, மெதுவாகத்தான் மேலெழுந்தது. படியேறும்போது தொடைகள் சோர்ந்தன; தலைவலியும் இருந்தது. மருத்துவரிடம் சென்றபோது ரத்த அழுத்தம் 158/96 என்று காட்டியது. ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் குறைந்திருந்தது. வலி மாத்திரை போடுகிறீர்களா, உப்பை அதிகம் சேர்க்கிறீர்களா என்றெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியாக, "வேறு என்ன குடிக்கிறீர்கள்?" என்றார். மூலிகைத் தேநீரை நான் ஒரு பொருட்டாகவே கருதியிருக்கவில்லை. அவர் கேட்டிராவிட்டால் சொல்லியிருக்கவும் மாட்டேன்.

அவர் விளக்கியது இதுதான்: அதிமதுரத்தின் இனிப்புக்குக் காரணமான கிளைசிரைசின், கார்டிசால் என்னும் ஹார்மோனைச் சிறுநீரகத்தில் செயலிழக்கச் செய்யும் நொதியைத் தடுத்துவிடுகிறது, அதனால் கார்டிசால் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கிவைத்து, பொட்டாசியத்தை வெளியேற்றத் தொடங்குகிறது. அன்றே நிறுத்தினேன். வீக்கம் முதலில் வடிந்தது. அழுத்தம் பழைய நிலைக்கு வரச் சில வாரங்கள் ஆயின.

தொண்டைக்கு என்று விற்கப்படும் பல கலவைப் பொட்டலங்களில் இனிப்புக்காக அதிமதுரம் சேர்க்கப்பட்டிருப்பதை அதற்குப் பிறகுதான் கவனித்தேன். முன்பக்கத்தில் 'இயற்கை' என்று பெரிதாக அச்சிட்டிருப்பவர்கள், பின்பக்கத்தில் மூலப்பொருள்களை எறும்பு எழுத்தில் போடுவது எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது. இப்போது என் அலமாரியில் இஞ்சியும் செம்பருத்தியும் இருக்கின்றன. செம்பருத்தி ரத்த அழுத்தத்தைச் சற்றே குறைக்கக்கூடியது என்பதால், அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் தங்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குடிப்பது நல்லது.

*

மேலே இன்னொருவர் எழுதியிருக்கும் அனுபவத்தைப் படித்ததும் என் புதினா விவகாரம் நினைவுக்கு வந்தது. செரிமானத்துக்கு நல்லது என்று இரவு உணவு முடிந்தவுடன் கெட்டியாக ஒரு கோப்பை புதினாத் தேநீர் குடித்துவிட்டுப் படுப்பேன். நள்ளிரவில் புளித்த நீர் தொண்டைவரை வந்து எழுப்பிவிடும். அதற்கு மருந்தாக மறுநாள் இன்னொரு கோப்பை சேர்த்துக் குடித்தேன் என்பதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. குடல் தசையின் இறுக்கத்தைத் தளர்த்தி வயிற்றுப் பிடிப்பைக் குறைக்கும் அதே புதினா, உணவுக்குழாயின் அடியில் இருக்கும் தசை வளையத்தையும் தளர்த்திவிடக்கூடும் என்பதும், அதனால் நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு அது ஒத்துவராமல் போகலாம் என்பதும் எனக்குத் தெரியவில்லை.

இப்போது புதினாவைப் பிற்பகலில் மட்டும் வைத்துக்கொண்டேன். இரவில் சீமைச் சாமந்தி (கெமோமில்) பூத் தேநீர். தூக்கத்துக்கு அது உதவுகிறதா, விளக்கை அணைத்துவிட்டுக் கோப்பையோடு அரை மணி நேரம் சும்மா உட்கார்வது உதவுகிறதா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. என் தங்கைக்கும் ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு மிடறு உள்ளே போனதுமே உதடு அரித்து, தொடர்ந்து தும்மத் தொடங்கிவிட்டாள். அவளுக்குச் சாமந்திக் குடும்பத்துப் பூக்களின் மகரந்தம் ஏற்கெனவே ஒவ்வாது. அவள் வரும் நாள்களில் இஞ்சி மட்டும்தான் கொதிக்கிறது.